திட்டுகிற படம்

அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் வேலை அவளுக்கு. எந்த வண்டி எப்போது உள்ளே வந்தது, எப்போது வெளியே போக வேண்டும் என்று பார்த்து, போகாத வண்டியைப் போக வைப்பது. கேட்பதற்கு எளிதாக இருக்கும். மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, டீக்கடை வாசலில் உலகத்தையே நிமிர்த்தப் போகிறவர்போல வாயளந்துகொண்டிருக்கும் ஓட்டுநரை இருக்கையில் ஏற்றுவதற்கு என்ன பாடு படவேண்டும் என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இதற்காக அவளுக்கு ஒரு மைக் கொடுத்திருந்தார்கள். அது கெட்டுப்போய் வருஷக்கணக்காகிறது. மேலிடத்தில் யாரும் சரி செய்யவில்லை. இவள் இருக்கும்போது மைக் எதற்கு என்று விட்டிருப்பார்கள்.

கெட்ட வார்த்தை ஒன்றுகூட அவள் வாயில் வராது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்பாள், அவ்வளவுதான். வண்டிக் கண்ணாடியில் நின்று நிதானமாகத் தலைவாரிக்கொண்டிருந்த ஒரு ஓட்டுநரிடம், "உள்ள அம்பது பேர் உக்காந்திருக்காங்க. அதுல ஒருத்தர்கூட உங்க முடியைப் பாக்க வரல" என்றாள். நிலையம் முழுக்கக் கேட்டது. அந்த மனிதர் அதற்குப் பிறகு தலையை வீட்டிலேயே வாரிக்கொண்டு வந்தார். முதுகுக்குப் பின்னால் அவளை 'சைரன்' என்பார்கள். அவளுக்கும் தெரியும். உள்ளுக்குள் பெருமைதான்.

இந்த வாய்க்குத்தான் வந்தது வினை. இடது கீழ்த்தாடையில் ஒரு கட்டி. பல்வலி, பல்வலி என்று மாத்திரை போட்டுக்கொண்டு டியூட்டி பார்த்திருக்கிறாள். வீங்கிப்போய்க் கன்னமே கோணலான பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தாடை எலும்பில் ஒரு பகுதியை எடுத்துவிட வேண்டும், காலிலிருந்து எலும்பு எடுத்து அந்த இடத்தில் வைப்போம், முகம் பழையபடி இருக்காது, பேச்சு திரும்ப நாளாகும், திரும்பினாலும் இதே மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அத்தான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். குடும்பத்தில் விவரம் தெரிந்தவர் என்று பெயர். விவரம் தெரிந்ததால் முதலில் அழ ஆரம்பித்தவரும் அவர்தான். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: மறுபடி எப்போது டியூட்டிக்குப் போகலாம்?

வெளியே வந்து, வராந்தாவில் நின்றுகொண்டு, "வீட்டுல என் போட்டோ உருப்படியா ஒண்ணுகூட இல்ல" என்றாள்.

உண்மைதான். அன்றைக்கே தேடிப் பார்த்தோம். குடும்பப் படம் என்று எதை எடுத்தாலும் எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, ஓரத்தில் அக்காவின் பாதி முதுகு இருக்கும், இல்லையென்றால் ஒரு கை மட்டும் இருக்கும். யாரையாவது ஒழுங்காக நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்திருப்பாள். அடையாள அட்டையில் ஒரு முகம் இருந்தது. அதைப் பார்த்தால் கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி இருந்தது.

"நல்லதோ கெட்டதோ, இத்தனை வருஷம் நான் கழுவின மூஞ்சி. அது எப்படி இருந்துச்சுன்னு எனக்கு ஒரு சாட்சி வேணும். கட்டியோட. எப்படி இருக்கோ அப்படி" என்றாள். எங்கள் அக்கா ஒன்று வேண்டும் என்று கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மற்றவர்களிடம் வேலை வாங்குவாளே தவிர, தனக்கென்று எதையும் கேட்டதில்லை.

ஸ்டூடியோவைத் தேர்ந்தெடுத்தவர் அத்தான். கடைத்தெருவில், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. 'நேரத்தை நிறுத்திவைக்கும் கலை' என்று வாசலில் பலகை. உள்ளே இருந்த போட்டோகிராபர் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார், உருவப்படக் கலைஞராம். பை பையாகத் தைத்த ஒரு கோட்டு போட்டிருந்தார். நான் தையற்காரி, பையைப் பார்த்தால் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று கண் தானாகப் போகும். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. முகத்தைப் படிக்க அவருக்கு அவகாசம் வேண்டும், அதனால் ஒரு மாலை முழுவதும் ஒதுக்கி வையுங்கள் என்றார். சரியென்று வியாழக்கிழமை மாலை என்று முடிவாயிற்று. வெள்ளிக்கிழமைதான் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது.

வியாழன் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன். கட்டில் ஒன்று காலியாகியிருக்கிறது, நண்பகலுக்குள் வந்து சேர்ந்தால் ஆபரேஷன் மறுநாளே நடக்கும், இல்லையென்றால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும், அப்புறம் எப்போது என்று சொல்ல முடியாது. அத்தானுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அக்காதான் துணிமணியைப் பையில் திணித்து, வாடகைக் காரை வரவழைத்து, சீருடையை எடுத்து மாட்டிக்கொண்டு, போட்டோவை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டாள். நான் ஸ்டூடியோவுக்குப் போன் போட்டேன். "இப்பவா?" என்று இழுத்தார் கலைஞர். "காலைல லைட் வேற மாதிரி இருக்குமே." ஜன்னலே இல்லாத அறை அது. நடுப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் வழி தெரியும். அங்கே காலை ஏது, மாலை ஏது?

தெருவில் வண்டியை நிறுத்த விடமாட்டார்கள் என்பதால் அத்தான் காரிலேயே உட்கார்ந்து கடைத்தெருவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். நாங்கள் இருவரும் மேலே போனோம்.

அவசரம் என்று போனிலும் சொல்லியாயிற்று, படியேறியதும் சொல்லியாயிற்று. காதில் வாங்கினால்தானே! முதலில் மனசு தளர வேண்டும் என்று டீ போடப் போனார். அக்காவால் சூடாக எதையும் குடிக்க முடியாது என்றேன். ஆறட்டும், அவசரமில்லை என்றார். லென்ஸை எடுத்து ஊதினார், துடைத்தார், வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார், மறுபடி ஊதினார். நாற்காலியை ஒரு விரற்கடை தள்ளினார். போய் நின்று பார்த்துவிட்டு வந்து அதே விரற்கடை திரும்ப இழுத்தார். குடை மாட்டிய விளக்கை ஏற்றினார், இறக்கினார். கண்ணாடி போட்ட புத்தக அலமாரி வரைந்த திரை ஒன்றைத் தொங்கவிட்டார். அக்காவின் சீருடையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு பட்டுச் சால்வை இருக்கிறது, போர்த்திக்கொண்டால் எடுப்பாக இருக்கும் என்றார். அக்கா பல்லைக் கடிக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அவ்வப்போது கேமராவைத் தூக்கிக் கிளிக் கிளிக்கென்று தட்டினார். "இது சும்மா டெஸ்ட், லைட் பாக்குறதுக்கு. நீங்க பாட்டுக்கு இயல்பா இருங்க" என்றார்.

கீழேயிருந்து அத்தான் போன் செய்து ஆச்சா என்று கேட்டார். அக்காவின் கைக்கடிகாரத்தை ஆஸ்பத்திரிக்கு வேண்டாமென்று வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டோம். அவள் போட்டோகிராபரிடம் மணி என்ன என்று கேட்டாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவரைக் காட்டினார். சுவரில் பெரிய கடிகாரம். நின்றுபோய் எத்தனை மாதமோ, முள்ளின்மேல் ஒட்டடை.

அவ்வளவுதான். கட்டி வலியாவது மண்ணாவது! நாற்காலியில் பாதி எழுந்து, கடிகாரத்தை நோக்கி விரலை நீட்டினாள்.

"நேரத்தை நிறுத்தி வைக்கிறேன்னு வெளிய போர்டு போட்டிருக்கீங்க. நானும் என்னமோன்னு நெனச்சேன். ஒரு பேட்டரி போட முடியாம நிறுத்தி வெச்சிருக்கீங்களா? என் தாடையை நாளைக்குக் கழட்டப் போறாங்க. நீங்க இன்னும் நாற்காலியையே படிச்சு முடிக்கல, மூஞ்சியை எப்பப் படிக்கிறது?"

கீழே செருப்புக் கடையில் பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது. போட்டோகிராபரின் முகத்தில் ஈயாடவில்லை. பயத்தில் விரல் மட்டும் பழக்கதோஷத்தில் கிளிக், கிளிக்கென்று தட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அந்த அறை பேருந்து நிலையம் ஆயிற்று. அக்கா எழுந்து நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள். குடை அங்கேயே இருக்கட்டும், அந்த இரண்டு விளக்கு போதும், திரையைச் சுருட்டுங்கள், வெறும் சுவர் போதும், சால்வையை உள்ளே கொண்டு போங்கள். "நேரா ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு, இடது பக்கம் ஒண்ணு. மூணே வண்டி. வரிசையா கெளப்புங்க." ஆயுசில் அவசரப்பட்டறியாத மனிதர், வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டவர்போல ஓடினார். ஓட முடியும் என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். வேர்வை வழிய வழிய, ஒவ்வொரு பக்கமும் நாலைந்து தட்டினார். கை நடுங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். இடது பக்கம் எடுக்கும்போது அக்கா தானாகவே முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"கட்டி நல்லா தெரியுதா?"

"தெரியுதும்மா."

"அதுவும் வரணும். எதையும் மாத்தக் கூடாது."

அவர் முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு மெதுவாகத் தலையாட்டினார். தையல் கடையில் நானும் அப்படித் தலையாட்டுவதுண்டு, வந்தவர் சொல்வதைக் காதில் வாங்காதபோது.

நேரத்துக்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது, பேச முடியாது. நர்ஸ் ஒரு சிலேட்டைக் கொடுத்தாள். அக்கா முதலில் எழுதியது "மணி என்ன?" அத்தான் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் அழுதுவிட்டு வந்தார்.

நாலைந்து நாள் கழித்துக் கண்ணாடி கேட்டாள். வீக்கமும் தையலுமாக இருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பொங்கின மாவு" என்று எழுதிவிட்டுக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "போட்டோ?" என்று எழுதினாள். அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் அத்தான் போய் வாங்கி வந்தார். வெள்ளிக் கரை போட்ட கவர், உள்ளே பெரிய அளவில் மூன்று படம்.

படத்தில் ஒரு அம்மாள் இருந்தாள். கன்னம் இரண்டும் ஒரே அளவு. கட்டி இல்லை. கண்ணுக்கடியில் கருப்பு இல்லை. பேருந்துக் கதவு இடித்துப் புருவத்தில் வந்த தழும்பு இல்லை. வெயிலில் நின்று கறுத்த நெற்றியைப் பூசி மெழுகிப் பளபளவென்று ஆக்கியிருந்தார். வாழ்க்கையில் யாரையும் ஒரு வார்த்தை சொல்லியிராத, எந்த வண்டியையும் தவற விட்டிராத ஒரு அம்மாள். சீருடை மட்டும் எங்கள் அக்காவுடையது.

அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் கவரைத் திறந்து உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். பிறகு சிலேட்டில் எழுதினாள்: "யார் இது?"

"நீதான்மா. நல்லா இருக்குல்ல?" என்றார் அத்தான். வேறு என்ன சொல்லத் தெரியும் அவருக்கு!

அக்கா திட்டி எழுதவில்லை. சிலேட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆபரேஷன் அன்றைக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை. திட்டாத அக்காவை எனக்குத் தெரியாது. அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கவரை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டூடியோவுக்குப் போனேன்.

கலைஞர் என்னைப் பார்த்ததும் பாராட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றார். இரண்டு நாள் ராப்பகலாக உட்கார்ந்து செய்தாராம். இதற்கென்று தனியாக எதுவும் வாங்கவில்லையாம், தானாக மனமுவந்து செய்ததாம். "பாவம், நோயாளி. ஒரு ஆறுதலா இருக்கட்டுமேன்னுதான்" என்றார். என் அக்காவைப் பாவம் என்று சொன்ன முதல் ஆள் அவர். நான் அளவெடுத்த துணியை என் இஷ்டத்துக்கு வெட்டிவிட்டு ஆறுதலுக்காக வெட்டினேன் என்று சொன்னால் துணி கொடுத்தவள் என்னைச் சும்மா விடுவாளா என்று கேட்டேன். திருத்தாத படத்தைக் கொடுங்கள், வேறு பேச்சு வேண்டாம் என்றேன்.

அப்போதுதான் அந்த மேதாவி அசடு வழிந்தார். பக்கத்துக்கு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு மீதியை அழித்துவிடுவாராம், பொறுக்கியதையும் திருத்தி முடித்ததும் பழைய படத்தின் மேலேயே சேமித்துவிடுவாராம், கம்ப்யூட்டரில் இடம் அடைக்கக் கூடாதென்று. கேமராவில் இருந்த கார்டையும் அடுத்த ஆர்டருக்காக அழித்தாயிற்றாம். எப்போதும் அப்படித்தான் செய்வாராம். இதுவரை திருத்தாத படம் வேண்டுமென்று யாரும் கேட்டு வந்ததில்லையாம்.

நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. அங்கே டாக்டர் உயிரைக் காப்பாற்ற வேண்டி அந்த முகத்தை எடுத்தார். இங்கே இந்த ஆள் ஆறுதலுக்காக அழித்திருக்கிறார். அக்காவின் முகம் இனி எங்கேயும் இல்லை. தலையைத் தூக்கினால் எதிரே அந்தக் கடிகாரம், அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது.

"டெஸ்ட்டுன்னு முதல்ல எடுத்தீங்களே, அது எங்க?"

"அதெல்லாம் வேஸ்ட்டும்மா. யாருக்கும் காட்டுறதில்ல."

வேஸ்ட் என்றே பெயர் வைத்துக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கமாகப் போட்டு வைத்திருந்தார். எந்த விளக்கை எங்கே வைத்தால் எப்படி விழுகிறது என்று பிற்பாடு பார்த்துக்கொள்வாராம். வேஸ்ட்டை யார் திருத்துவார்கள்? ஒன்றையும் தொடவில்லை. மனமில்லாமல் ஒவ்வொன்றாகத் திறந்தார். காலி நாற்காலி. நாற்காலியில் பாதி அக்கா. சால்வையை முறைக்கும் அக்கா. பிறகு அது வந்தது.

பாதி எழுந்த வாக்கில், விரலை நீட்டிக்கொண்டு, வாயை முழுக்கத் திறந்து, அக்கா. கட்டி எடுப்பாகத் தெரிகிறது. தழும்பு தெரிகிறது. நெற்றிக் கறுப்பு தெரிகிறது. கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது. கண்ணில் அந்தக் கோபம். அந்தக் கோபத்துக்குள்ளே, நன்றாகத் திட்டும்போது மட்டும் அவளுக்கு வருகிற ஒரு சந்தோஷம். சத்தம் எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. நான் அழுதுவிட்டேன்.

போட்டோகிராபர் பதறிப்போனார். நான் எதற்கு அழுகிறேன் என்பதை அவர் தன் அறிவுக்கு எட்டியபடி புரிந்துகொண்டார்.

"கவலைப்படாதீங்கம்மா. வாயை மட்டும் மூடிடலாம். சின்ன வேலைதான்."

"அந்த வாய்க்காகத்தான் வந்திருக்கேன். தொடாம அப்படியே போட்டுக் குடுங்க" என்றேன்.

விரல் நுனி கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, குடை ஓரத்தில் தெரிகிறது, இதைத் தன் ஸ்டூடியோவில் எடுத்ததென்று வெளியே சொல்லிவிடக் கூடாது என்று ஏதேதோ முனகினார். நான் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன். இந்த முறை ஊதவுமில்லை, துடைக்கவுமில்லை. இருக்கிறதிலேயே பெரிய அளவில் மளமளவென்று அச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அதைப் பிரித்து அக்காவின் முன்னால் பிடித்தேன். ரொம்ப நேரம் பார்த்தாள். தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அத்தானும் தயாரானார். அழவில்லை, சிரிக்கிறாள். தையல் இழுக்கிறது, வலியில் கண்ணீர் வருகிறது, அப்படியும் நிறுத்த முடியவில்லை. நர்ஸ் ஓடிவந்து எங்களைத் திட்டினாள். அக்கா சிலேட்டை இழுத்து எழுதினாள்: "அந்தாளு பேட்டரி போட்டாரா?"

போடவில்லை என்றேன்.

பல மாதம் கழித்து டியூட்டிக்குப் போனாள். முகம் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. பேச்சு வந்தது, ஆனால் வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல வந்தது. வீட்டில் எங்களுக்குப் பழகிவிட்டது. நிலையத்தில் முதல் வாரம் எல்லாரும் உருகினார்கள். அக்கா வந்துட்டீங்களா, எப்படி இருக்கீங்க என்று ஒரே விசாரிப்பு. அடுத்த வாரமே சுயரூபம் தெரிந்தது. கிளம்புங்கள் என்று அவள் சொன்னால், "என்னக்கா, புரியலியே" என்று காதைக் காட்டிவிட்டு டீக்கடைக்குப் போவார்கள். நல்லாவே புரிந்திருக்கும், வெட்கங்கெட்டவர்களுக்கு. வண்டிகள் தாமதமாகக் கிளம்ப ஆரம்பித்தன. மேலதிகாரி வந்து, உடம்பு முடியாதபோது எதற்கு இந்தக் கஷ்டம், உள்ளே ஃபைல் அடுக்கும் அறையில் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்று தேனொழுகப் பேசிவிட்டுப் போனார்.

மறுநாள் அக்கா படத்தைச் சட்டம் போட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். கூண்டுக்குள், டீக்கடையைப் பார்த்தாற்போல மாட்டினாள். நேரம் வந்ததும் பேனாவால் கண்ணாடியைத் தட்டுவாள். டீக்கடையில் இருக்கிறவர் திரும்புவார். அவள் ஒன்றும் பேசமாட்டாள், படத்தைக் காட்டுவாள். பழைய ஓட்டுநர்களுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை, குடித்ததும் குடிக்காததுமாகக் குவளையை வைத்துவிட்டு ஓடினார்கள். புதிதாகச் சேர்ந்த ஒருவன், யார் அது என்று பக்கத்தில் கேட்டிருக்கிறான். "முதல்ல வண்டியில ஏறு, அப்புறம் சொல்றேன்" என்றாராம் வீட்டிலேயே தலைவாரிக்கொண்டு வருகிற அந்த மனிதர். ஃபைல் அறைப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

ஒருநாள் காலையில் அவள் மறந்து வைத்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுக்க நான் நிலையத்துக்குப் போனேன். முதல் வண்டி இன்னும் உள்ளே வரவில்லை. அக்கா கூண்டுக்குள் படத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நெற்றி, புருவம், மூக்கு என்று மேலிருந்து வந்து, கடைசியில் இடது தாடைக்குப் போய், அந்தக் கட்டியை மட்டும் மெதுவாக, வலிக்காமல் கழுவுகிற மாதிரித் துடைத்தாள். நான் கையில் மாத்திரையோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அவள் திரும்பினாள். என்னையும், என் கண்ணையும் பார்த்தாள். குழறிய வாயைத் திறந்து ஏதோ சொன்னாள். வண்டிக்காகக் காத்து நின்ற கண்டக்டர், அக்கா என்ன சொல்றாங்க என்று என்னைக் கேட்டார்.

"வேலைவெட்டி இல்லையான்னு கேக்குறா" என்றேன்.